ஆக்ஸிலை முறித்தவள்

வாடிப்பட்டிக்கு மேற்கே, கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடுகிற ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் ஒரு டிராக்டர் இருக்கிறது. அதை நான்தான் ஓட்டுகிறேன். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் எங்கள் ஊர் டீக்கடையில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். "ஆக்ஸில முறிச்ச பொம்பள" என்று கேட்டால் என் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

முதலில் என் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். வைக்கோல் லோடு மேலிருந்து தவறி விழுந்ததில் அவருடைய வலது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். இப்போது நடக்கிறார், மொபெட் ஓட்டுகிறார். ஆனால் குதிகாலை ஊன்றி எதையும் அழுத்த முடியாது. சம்பளத்துக்கு இரண்டு டிரைவர் வைத்துப் பார்த்தோம். ஒருவர் உழவு நேரத்தில் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போவார். இன்னொருவர் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். ஒரு நாள் எனக்குக் கோபம் வந்து, வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு நானே ஏறி உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு ஏறியவள் இறங்கவில்லை.

ஓட்டக் கற்றுக்கொண்டது பாதி விழுந்து எழுந்து, பாதி புத்தகத்தைப் பார்த்து. வண்டியோடு கம்பெனிக்காரன் தமிழில் ஒரு கையேடு கொடுத்திருந்தான். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் கிடந்தது. அதை எடுத்து எழுத்துக் கூட்டாத குறையாக முழுக்கப் படித்தேன். "புஸ்தகத்தப் படிச்சு டிராக்டர் ஓட்டுறவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தியாத்தான் இருப்ப" என்று வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டுமே. அதில்தான் லாக்கைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தது.

லாக் என்றால் டிஃபரன்ஷியல் லாக். பின்சக்கரம் இரண்டும் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றாது. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும், உள்பக்கம் குறைவாக. அதற்கு வழி விடுவதுதான் டிஃபரன்ஷியல். ரோட்டில் நல்லது, சேற்றில் அதுவே வினை. ஒரு சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் எஞ்சின் சக்தியெல்லாம் அந்தப் பக்கமே போய், அது மட்டும் வெறுமனே சுற்றிக் குழி பறிக்கும். அடுத்த சக்கரம் வேடிக்கை பார்க்கும். அந்த நேரத்தில் மிதிக்க வேண்டியது லாக். எங்கள் வண்டியில் சீட்டுக்குக் கீழே, வலது குதிகால் படுகிற இடத்தில் சின்னதாக ஒரு பெடல். மிதித்தால் இரண்டு சக்கரமும் பூட்டிக்கொண்டு ஒன்றாக இழுக்கும், வண்டி கரையேறிவிடும்.

மிதிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கிளட்சை அழுத்திச் சக்கரம் சுற்றுவதை நிறுத்த வேண்டும். அப்புறம் லாக்கை மிதிக்க வேண்டும். அப்புறம் மெல்லக் கிளட்சை விட வேண்டும். நேராக மட்டும் போக வேண்டும். கரையேறியதும் காலை எடுத்து, பெடல் மேலே வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். லாக் விழுந்திருக்கும்போது திருப்பினால் சக்கரம் இரண்டும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். சேற்றில் எப்படியோ வழுக்கி ஒத்துப்போய்விடும். கெட்டித் தரையில் வழுக்காது. அங்கே பல்லோ, சக்கரத்தைச் சுற்றுகிற ஆக்ஸில் தண்டோ ஏதாவது ஒன்று முறிந்தே தீரும்.

எங்கள் பக்கத்து டிரைவர்கள் சிலருக்கு இதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நடவுக்குத் தண்ணீர் கட்டிச் சேறாக்கித் தொழி உழும்போது நாள் முழுக்கச் சேற்றில்தான் வேலை. மிதித்து மிதித்து எடுக்கச் சோம்பல். பழைய சைக்கிள் டியூபை நீளமாக அறுத்து, லாக் பெடலைக் கீழே அமுக்கி, அடியில் இருக்கிற கொக்கியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை லாக் விழுந்தபடியே இருக்கும். வரப்பு ஓரத்தில் திரும்புகிற போதெல்லாம் உள்ளே பல் நறநறக்கும், அவர்கள் காதில் ஹெட்போன். இந்த டியூப் கட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏண்ணே, ஒங்க வீட்டு வண்டியா இருந்தா இப்புடிக் கட்டுவீங்களா?" என்று ஒருத்தரிடம் நேராகவே கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது வண்டி யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். உழைப்பு எங்களுடையது, ஆர்.சி. புத்தகம் வீட்டுக்காரரின் அண்ணன் பெயரில். அவர் மதுரையில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். வாங்கும்போது அவர் பெயரில் வாங்கினோம், அப்படியே நின்றுவிட்டது. நான் ஓட்டுவது ஆரம்பத்திலிருந்தே அவருக்குப் பிடிக்கவில்லை. "நம்ம குடும்பத்துப் பொம்பள நாலு பேரு காட்டுல போயி சேத்துல நிக்கிறது நல்லாவா இருக்கு?" என்பார். நாற்று நடுவதற்கு நாலு பேர் காட்டில் சேற்றில் நின்றேனே பத்து வருடம், அப்போது ஒருவரும் நல்லாவா இருக்கு என்று கேட்கவில்லை. சேற்றுக்குள் நிற்பது தப்பில்லை, சேற்றுக்கு மேலே உட்கார்வதுதான் தப்பு போல.

ஆக்ஸில் முறிந்த அந்த வருடம், கால்வாயில் தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. எழுமலையில் என் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. நாலு நாள் போய் இருந்துவிட்டு வந்தேன். வந்த மறுநாள் காலையிலேயே ஊருக்குத் தெற்கே ஒரு அக்கா வயலில் தொழி உழவு. சேற்றில் வழுக்காமல் இருக்க இரும்புக் கேஜ் வீலெல்லாம் மாட்டி வயலில் இறங்கி, நேராகப் பாதி வயல்கூடப் போகவில்லை. பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி ஒரு அடி நகரவில்லை. லாக்கை நான் தொடக்கூட இல்லை. தொட அவசியமே வரவில்லை.

கால்மணி நேரத்தில் வரப்பு நிறைய ஆள். எங்கிருந்துதான் வருவார்களோ!

"ஆக்ஸிலு போச்சு. லாக்கப் போட்டுத் திருப்பியிருப்பா."

"பொம்பள கையில வண்டியக் குடுத்தா வேற என்ன நடக்கும்?"

"அம்புட்டு வாய் பேசுச்சே, இப்பப் பேசச் சொல்லு."

கடைசியாகச் சொன்னவர் அந்த டியூப் அண்ணன்தான். "நான் திரும்பவே இல்லண்ணே, தடத்தப் பாருங்க, நேராத்தான கெடக்கு" என்று கத்தினேன். தடத்தை யாரும் குனிந்து பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அவர்கள் முன்னால் அழுவதைவிடச் செத்துவிடலாம் என்று இருந்ததால் எஞ்சினை அணைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் மொபெட்டில் வந்தார். வரப்பில் நின்றபடி வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "சரி விடு, எறங்கி வா" என்றார். திட்டாமல் விட்டாரே, நல்ல மனுஷன் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

சாயங்காலம் அண்ணன் மதுரையிலிருந்து வந்துவிட்டார். யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். காபியைக் கையில் வாங்கியதுமே முடிவைச் சொன்னார். திருமங்கலத்துப் பக்கம் ஒருவர் பழைய வண்டி கேட்டுக்கொண்டிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு வருகிறாராம். முறிந்தபடியே கொடுத்துவிடலாமாம்.

"பெரிய மச்சான், நான் முறிக்கல" என்றேன்.

"வண்டி ஓட்டுனது யாரும்மா?"

"நான்தான்."

"அப்பறம் ஆக்ஸிலு தானா முறிஞ்சுச்சா? பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு நான் அப்பவே சொன்னேன்."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் எழுத முடியாது. வண்டி போனால் எங்களுக்குச் சோறு போய்விடாது. ஆனால் நான் போய்விடுவேன். காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிற இந்த ஆள் போய்விடுவாள். மறுபடியும் களையெடுக்கவும் காபி போடவும் இன்னார் வீட்டுக்காரி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் இருக்கிறவள்தான் மிஞ்சுவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் பரவையிலிருந்து மெக்கானிக்கை வயலுக்கே வரச் சொன்னேன். விற்கிற வண்டிக்கு மெக்கானிக் எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். "நான் பாக்கணும்" என்றேன். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, உள்ளேயிருந்து முறிந்த ஆக்ஸிலை உருவி எடுத்தார். துணியால் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இங்க வந்து பாருங்க. முறிஞ்ச எடத்துல பாதி கருப்பா இருக்கா? பாதி பளபளன்னு இருக்கா?"

"ஆமாண்ணே."

"பளபளன்னு இருக்கே, அதுதான் நேத்து முறிஞ்சது. கருப்பா இருக்குறது பழைய விரிசல். நாலஞ்சு நாளா எண்ணெய குடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கு. முறுக்கு விழுந்திருக்கு பாருங்க, லாக்கோட கெட்டித் தரையில ஒடிச்சுத் திருப்பியிருக்காங்க. அன்னைக்கே பாதி போச்சு. நேத்து நீங்க ஏறுனீங்க, மிச்சமும் போச்சு."

நாலைந்து நாளைக்கு முன்னால் நான் எழுமலையில் சடங்கு வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். குனிந்து லாக் பெடலைப் பார்த்தேன். பெடல் தண்டு முழுக்க பழைய சேறு காய்ந்து அப்பியிருந்தது. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் சேறே இல்லை, சுத்தமாக இருந்தது. அடியில் இருக்கிற கொக்கியிலும் அதே மாதிரி. எதையோ சுற்றிக் கட்டி, உழுது, அப்புறம் அவிழ்த்திருக்கிறார்கள். அது என்னவென்று எனக்கு ஒருத்தரும் சொல்லித் தர வேண்டாம்.

வண்டிச் சாவி எங்கள் வீட்டு நிலைக்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வெளியாள் கை படாது. வீட்டில் நானில்லாதபோது இருந்தது ஒரே ஆள். அவர் காலால் லாக்கை அழுத்த முடியாது. அழுத்த முடியாதவர்தான் கட்டிப்போட வேண்டும். வயலிலிருந்து வீட்டுக்கு நடந்துவந்த பத்து நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வீட்டுக்காரர் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"டியூப எங்க?" என்று கேட்டேன்.

"எந்த டியூபு?" என்று கேட்டார். கேட்ட தினுசிலேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கூட்டாளி ஒருவர் வந்து நின்றிருக்கிறார். "மாப்ள, இன்னைக்கு எங்களுக்குத் தண்ணி மொற. இன்னைக்குத் தொழி அடிக்கலேன்னா நாத்து முத்திப் போயிரும். நீ ஏறு மாப்ள, ஒன்னால முடியும்" என்று. கேஜ் வீல் மாட்ட இரண்டு மூன்று ஆள் வேண்டும். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று இவர் வெறும் டயரோடு இறங்கிவிட்டார். டயர் வழுக்கியது. குதிகால் அழுத்த வரவில்லை. வரப்பில் கிடந்த டியூபை எடுத்துக் கட்டிவிட்டார். உழுது முடித்து மேலே ஏறி, டியூபை அவிழ்க்க மறந்து, கால்வாய்ப் பாலத்தருகே தார் ரோட்டில் ஒடித்துத் திருப்பியிருக்கிறார்.

"திரும்ப மாட்டேன்னுச்சு. பலமா ஒடிச்சேன். என்னமோ சத்தம் கேட்டுச்சு. ஓடுச்சு, அதனால ஒண்ணும் இல்லைன்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"ஏறிப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு, அம்புட்டுத்தேன்" என்றார். பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பதினைந்து வருடம் ஓட்டிய மனுஷன். ஆனால் அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள்.

"அண்ணங்கிட்ட மட்டும் சொல்லாதத்தா. ஏற்கெனவே கால் போனவன்னு பாக்குறான். இதுவும் தெரிஞ்சா எதுக்குமே லாயக்கில்லாதவன்னு ஆயிரும்."

"அப்ப நான் லாயக்கில்லாதவளா ஆகலாமா?"

அவர் கட்டிய தழையை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"நேத்து அம்புட்டுப் பேரும் என்னையப் பேசுனப்ப நீங்க வரப்புலதான நின்னீங்க? ஒங்க அண்ணன் பேசுனப்ப பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க? எப்புடிங்க மனசு வந்துச்சு?"

அன்று ராத்திரி போனில் என் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அம்மா சொன்னாள், "புருஷனை விட்டுக் குடுக்காதடி, பழிய நீ ஏத்துக்கிட்டா என்ன தேஞ்சா போயிருவ?" என்று. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். வாயை மூடிக்கொண்டால் நல்ல பொண்டாட்டி என்று பெயர் கிடைக்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, அதில் ஏறி வயலை உழ முடியுமா? தேய்ந்துதான் போவேன், எனக்குத் தெரியும். மாட்டேன் என்று முடிவுசெய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணன் திருமங்கலத்துக்காரரோடு வந்தார். நான் முற்றத்தில் ஒரு சாக்கை விரித்து, முறிந்த ஆக்ஸிலை அதன்மேல் வைத்திருந்தேன். மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் ஓரமாக நின்றார்.

வந்தவர்கள் உட்காரும் முன்னே வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டேன். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. நான் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே," என்றார் கடைசியில். "அவ முறிக்கலண்ணே. நான்தான். அவ ஊருக்குப் போயிருந்தப்ப எடுத்து ஓட்டுனேன். லாக்கக் கட்டிட்டு அவுக்க மறந்துட்டேன்."

மெக்கானிக் ஆக்ஸிலைத் தூக்கி, கருப்பையும் பளபளப்பையும் காட்டினார். திருமங்கலத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்று தலையை ஆட்டினார்.

அண்ணன் கொஞ்ச நேரம் ஆக்ஸிலையே பார்த்தார். வெடிப்பார் என்று நினைத்தேன். தம்பி தோளில் கையைப் போட்டார்.

"அட, இதுக்கு ஏன்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற? கால் சரியில்லாம ஏறியிருக்க, பாத்து ஓட்ட வேண்டாமா? விடு, விடு. இரும்புன்னா முறியத்தான் செய்யும். வேற ஆக்ஸிலு நம்ம கடைப் பக்கமே கெடைக்கும், அனுப்பி வைக்கிறேன்." பிறகு திருமங்கலத்துக்காரரிடம், "அண்ணே, கோவிச்சுக்கிராதீங்க. வண்டி குடுக்குற மாதிரி இல்ல" என்றார்.

அவ்வளவுதான்! வண்டி விற்கவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டு உள்ளே போய் எல்லாருக்கும் காபி போட்டிருக்க வேண்டியவள்தான். எனக்கோ வரப்பில் நின்றபோது வந்ததைவிட நூறு மடங்கு கோபம் வந்தது.

"பெரிய மச்சான், ஒரு நிமிஷம்" என்றேன். "மூணு நாளு முன்ன இதே ஆக்ஸிலுதான முறிஞ்சு கெடந்துச்சு?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அன்னைக்குப் பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னீங்க. வண்டிய வித்துரணும்னீங்க. இன்னைக்குத் தம்பி முறிச்சதுன்னு தெரிஞ்சதும் இரும்புன்னா முறியத்தான் செய்யும்ங்கிறீங்க. இரும்பு மாறிருச்சா?"

"அதான் விக்கலன்னு சொல்லிட்டேனேம்மா. ஒம் மேல தப்பில்லன்னும் தெரிஞ்சு போச்சு. இன்னும் என்ன வேணும்?"

"தப்பில்லாதவளா இருந்தாத்தான் ஓட்டலாமா? தப்புச் செஞ்ச அவரு நாளைக்கே ஏறலாம், ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டீங்க. நாளைக்கு நானே முறிச்சாலும் இரும்பு முறியத்தான் செய்யும், அதச் சொல்லுங்க. அதச் சொல்லிட்டுப் போங்க."

மெக்கானிக் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார். திருமங்கலத்துக்காரர் வாசலைப் பார்த்தார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் கேட்டதை அவர் சொல்லவில்லை. "ரொம்பப் பேசுற" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆக்ஸில் மட்டும் சொன்ன மாதிரி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.

போன வருடம் நடவு சமயத்தில், மழை கட்டிக்கொண்டு வருகிற அவசரத்தில், நான் ஒரு தப்புச் செய்தேன். சக்கரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, கிளட்சை அழுத்தாமல், லாக்கை மிதித்துவிட்டேன். உள்ளே பல் உடைந்தது. இந்தத் தடவை யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. வரப்பில் நின்றவர்களிடம் நானே சொன்னேன், "நான்தான் ஒடச்சேன், என் தப்புத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று. வயலில் நின்றபடியே மதுரைக்குப் போன் போட்டேன்.

"பெரிய மச்சான், லாக்கு ஒடஞ்சு போச்சு. சக்கரம் சுத்துறப்பவே மிதிச்சுட்டேன். நான்தான் ஒடச்சேன்."

அந்தப் பக்கம் கடை ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. நான் காத்திருந்தேன்.

"எப்ப ரெடியாகும்?" என்று கேட்டார்.

"வியாழக்கெழம" என்றேன்.

வியாழக்கிழமை வண்டி வயலில் இறங்கியது. நான்தான் ஓட்டினேன்.